எழுதிப் படிப்பதா, மனப்பாடமா, குறிப்புச் சீட்டா? மேடைப்பேச்சு பழகுவோருக்கு ஓர் ஒப்பீடு

பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே தயங்கி நிற்கும் இடம் இது. ஆறு நிமிடம் பேச வேண்டும், தலைப்பும் முடிவாகிவிட்டது. முழுவதையும் எழுதி எடுத்துப்போய்ப் படிப்பதா, மனப்பாடம் செய்வதா, நாலைந்து குறிப்போடு ஏறிவிடுவதா? பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் போனவர்களுக்கு மனப்பாடம் ஒன்றுதான் தெரியும். ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை ஒப்பிக்கும், கோப்பை வரும். அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்கு ஸ்லைடில் இருப்பதைப் படிப்பதே பேச்சு. இன்னும் சிலர் "எனக்குப் பேச்சு தானாக வரும்" என்று வெறுங்கையோடு ஏறி, நாலாவது நிமிடத்தில் எப்படி முடிப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழகும் காலத்தில் உங்கள் வழக்கமான வழி குறிப்புச் சீட்டாக இருக்கட்டும். எழுதிப் படித்தல், மனப்பாடம், தயாரிப்பில்லாத உடனடிப் பேச்சு ஆகிய மற்ற மூன்றுக்கும் உரிய மேடைகள் உண்டு, அங்கே அவற்றை விட்டால் தவறாகிவிடும். ஒரே பேச்சுக்குள் நான்கையும் கலந்து பயன்படுத்தவும் வேண்டியிருக்கும். ஏன் என்பதைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலோர் "எதில் பயம் குறைவு?" என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் தப்பாகப் போகிறது. முதலில் கேட்க வேண்டியது, நடுவில் தடம் தவறினால் கையில் என்ன இருக்கும் என்பது. எல்லோரும் எப்போதாவது தடுமாறுவார்கள். மைக் கரகரக்கும், பின்வரிசையில் குழந்தை அழும், எதிர்பாராத இடத்தில் கைதட்டு விழும். அந்த இரண்டு விநாடி கழித்துப் பேச்சுக்குத் திரும்பும் வழி இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு முறையின் தரத்தைச் சொல்லும்.

இரண்டாவது, சொல் பிசகினால் என்ன ஆகும். இரங்கல் கூட்டத்தில் இறந்தவரின் ஊரை மாற்றிச் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் மறக்காது. நண்பனின் திருமண வரவேற்பில் ஒரு வாக்கியம் மாறினால் ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, அவையோரின் முகத்தை எவ்வளவு நேரம் பார்க்க முடிகிறது. முகம் பார்த்தால்தான் புரியவில்லை என்பதும் சலித்துவிட்டது என்பதும் தெரியும்.

நான்காவது, கொடுத்த நேரத்துக்குள் முடிக்க முடிகிறதா. இங்கே சொற்கணக்கு உதவும். ஆங்கிலப் பயிற்சி நூல்கள் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்கின்றன. அந்தக் கணக்கைத் தமிழுக்குப் போட்டால் பேச்சு நீண்டுவிடும். நம் சொற்கள் வேற்றுமை உருபையும் காலத்தையும் விகுதியையும் தம்முள் சுமந்து நீளமாக இருப்பவை. நிதானமாகப் பேசினால் 80 முதல் 100 வரை வரும். உங்கள் கணக்கை நீங்களே எடுத்துக்கொள்வதுதான் சரி. 200 சொல் உள்ள ஒரு பத்தியை நின்றுகொண்டு, அறைக்கடைசிக்குக் கேட்கும் குரலில் படித்து, ஸ்டாப்வாட்ச்சைப் பாருங்கள். 2 நிமிடம் 10 விநாடி ஆனால் உங்கள் வேகம் நிமிடத்துக்கு 92 சொல். ஆறு நிமிடப் பேச்சைச் சிரிப்புக்கும் இடைநிறுத்தத்துக்கும் அரை நிமிடம் விட்டு ஐந்தரை நிமிடமாகத் திட்டமிட்டால், உங்களுக்கு உரியது 500 சொல்தான்.

ஐந்தாவது, எத்தனை மணி நேர உழைப்பு, அந்த உழைப்பு அடுத்த பேச்சுக்கும் உதவுமா என்பது. வகுப்புக்குப் பணம் கட்டிப் படிப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

| | எழுதிப் படித்தல் | மனப்பாடம் | குறிப்புச் சீட்டு | உடனடிப் பேச்சு |
|---|---|---|---|---|
| தடம் தவறினால் | வரியைக் கண்டுபிடித்தால் போதும் | மீள்வது கடினம் | எளிது | எளிது, ஆனால் திசை மாறும் |
| சொல் துல்லியம் | மிக அதிகம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| முகம் பார்த்தல் | குறைவு | இருக்கும், மனம் உள்ளே தேடும் | அதிகம் | மிக அதிகம் |
| நேரக் கட்டுப்பாடு | எளிது | எளிது | பழக வேண்டும் | கடினம் |
| 6 நிமிடத்துக்கு உழைப்பு | 3–4 மணி | 7–8 மணி, பல நாட்களில் | 4–5 மணி | அன்று 10 விநாடி, பின்னால் பல மாதப் பழக்கம் |
| அடுத்த பேச்சுக்கு உதவுமா | கொஞ்சம் | மிகக் குறைவு | அதிகம் | அதிகம் |

உழைப்பு நேரம் தலைப்பு தெரிந்தவருக்குரிய தோராயம். தகவல் திரட்டும் நேரம் இதில் இல்லை.

## எழுதி வைத்துப் படித்தல்

பாதுகாப்பானது, மலிவானது என்று இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதுகாப்பு உண்மை. மலிவு என்பது பொய்த்தோற்றம், ஏனென்றால் படிப்பதற்காக எழுதிய தமிழைச் செவிக்காக மறுபடி எழுத வேண்டும்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். கட்டுரை வாசகர் கண்ணை முன்னும் பின்னும் ஓட்டிக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. படிப்பவரோ நீண்ட வாக்கியத்தின் முடிவில் மூச்சு தீர்ந்து குரலை இறக்கிவிடுவார். பொருள் முழுவதும் தங்கியிருக்கும் அந்தச் சொல் யாருக்கும் கேட்காது. இப்படி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "கடந்த ஐந்து ஆண்டுகளாகக் குடிநீர் இணைப்புக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இப்பகுதிக் குடும்பங்களுக்கு இந்த ஆண்டும் இணைப்பு வழங்கப்படவில்லை." தாளில் குறையே இல்லை. மேடையில் "வழங்கப்பட" வரைதான் கேட்கும். மேடைக்கு அது இப்படி உடைய வேண்டும்: "இந்த ஆண்டும் குடிநீர் இணைப்பு வரவில்லை. கேட்டு ஐந்து ஆண்டு ஆகிறது. அந்தக் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன." ஒரு வாக்கியம் பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் உடையுங்கள். "செய்துகொண்டிருக்கின்றனர்" என்பதைச் "செய்கிறார்கள்" ஆக்குங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்து, நாக்கு இடறும் இடத்தையெல்லாம் மாற்றுங்கள்.

தாளைத் தயாரிப்பதிலும் வேலை இருக்கிறது. எழுத்தளவு 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. வரிகளுக்கு இடையே ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். பக்கத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள், கண் அங்கே இறங்கினால் தலையும் கவிழும். ஒரு வாக்கியம் இரண்டு பக்கங்களில் பிரியவே கூடாது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, மூலையில் பெரிதாக எண் போடுங்கள். தாள்களை ஸ்டேப்ளர் அடித்துச் சேர்க்காதீர்கள். முடித்த தாளைப் புரட்டாமல் இடப்பக்கம் நகர்த்தினால் மைக்கில் சரசரப்புக் கேட்காது. சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, பெரிய நிறுத்தத்துக்கு இரண்டு, வாக்கியத்துக்கு ஒரே ஒரு அடிக்கோடு. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தம் உரைக் குறிப்புகளைச் செய்யுள் போல மூச்சுக்கு ஒரு வரியாக உடைத்துத் தட்டச்சு செய்ய வைத்தார். தமிழுக்கு அந்த அமைப்பு மிகவும் பொருந்துகிறது. வரி முடியும் இடத்தில் மூச்சு எடுத்தால் வினைமுற்று விழுங்கப்படாது.

படிக்கும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வாக்கியத்தின் நடுவில் நிமிர்ந்து பார்க்கிறார்கள், முடிவில் அடுத்த வரியைத் தேடிக் குனிகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். குனிந்து ஒரு தொடரைக் கண்ணால் எடுங்கள், நிமிருங்கள், சொல்லி முடியும்வரை நிமிர்ந்தே இருங்கள், பிறகு குனியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே விழும் அமைதி உங்களுக்கு நீளமாகத் தெரியும், கேட்பவர்களுக்குத் தெரியாது.

மறைந்திருக்கும் இடைஞ்சல்கள் வேறும் உண்டு. தாளை வைக்கும் சாய்மேசை (போடியம்) இல்லாத மேடையில் கை நடுங்கினால் ஏ4 தாள் அதைப் பத்து மடங்காக்கிக் காட்டும். தாளைத் தடித்த அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். செல்பேசியைப் பார்த்துப் படிப்பவர்கள் திரை அணைவதையும், விரல் பட்டுப் பக்கம் நழுவுவதையும், நடுவில் அழைப்பு வருவதையும் மேடையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வெயிலில் நடக்கும் விழாவில் திரை தெரியவே தெரியாது.

இவ்வளவு இருந்தும், சில இடங்களில் இதுதான் சரி. இரங்கல் உரை, நிறுவனத்தின் சார்பான அறிவிப்பு, வழக்கு சம்பந்தப்பட்ட விஷயம், வானொலிப் பதிவு, உங்களுக்குச் சரளம் இல்லாத மொழியில் பேசுவது, நன்கொடையாளர் பெயர்ப்பட்டியல் உள்ள நன்றியுரை. துயரத்தில் குரல் உடைந்தாலும் தாளில் அடுத்த வரி காத்திருக்கும்.

## மனப்பாடம்

1904 ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தொழிற்சங்கச் சட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சர்ச்சில், மனப்பாடம் செய்து வந்த உரையின் நடுவில் அடுத்த வாக்கியம் வராமல் நின்றார். தேடினார், வரவில்லை. அவைக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 29, பேச்சில் ஏற்கெனவே பெயர் வாங்கியவர். அதன்பின் அவர் குறிப்பில்லாமல் பெரிய உரை எதற்கும் எழுந்ததில்லை.

இதில் திறமைக்குறைவு எதுவும் இல்லை, முறையின் இயல்பே அது. வார்த்தைக்கு வார்த்தை உருப்போட்ட பேச்சு ஒரு சங்கிலி. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் அடுத்ததின் தலையைப் பிடித்திருக்கும். ஒரு வளையம் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ளவை மனதில் பத்திரமாக இருந்தாலும் போய்ச் சேர வழி இருக்காது. அதனால்தான் மறந்துபோன பிள்ளைகள் முதல் வரிக்குத் திரும்பி ஓடுகிறார்கள், அதே இடத்தில் மறுபடி நிற்கிறார்கள்.

மனப்பாடம் கேட்கும் மற்ற விலைகள் மேடையில் தெரியும். ஒப்பிக்கும் இராகம் ஒன்று ஒட்டிக்கொள்ளும், எல்லா வாக்கியமும் ஒரே மேட்டில் ஏறி ஒரே பள்ளத்தில் இறங்கும். கை அசைவும் பாடமாகிவிடும். கண் அவையைப் பார்க்கும், பார்வை உள்ளே போயிருக்கும். முன்னால் பேசியவர் உங்கள் எடுத்துக்காட்டையே சொல்லிவிட்டாலும் மாற்ற முடியாது.

ஆனாலும் போட்டி மேடையில் இதைத் தவிர்க்க முடியாது. தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாட்களையொட்டி மாவட்டந்தோறும் மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி நடத்துகிறது. பள்ளிகளும் மன்றங்களும் நடத்தும் போட்டிகள் கணக்கில்லை. தலைப்பு முன்பே தெரியும், நேரம் சில நிமிடம்தான், தாள் வைத்திருப்பதை நடுவர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை, ல–ள–ழ, ர–ற, ந–ன–ண வேறுபாட்டுக்கு மதிப்பெண் போகும். இங்கே சொல்லைச் செதுக்கி உருப்போடுவது நியாயமான தேர்வு. அப்படியானால் உடையாத விதத்தில் உருப்போட வேண்டும்.

பேச்சை ஐந்தாறு பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்தையும் தனிப்பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலை முதலில் பாடம் செய்யுங்கள். இவை நுழைவாயில்கள், எங்கே அறுந்தாலும் அடுத்த வாயில் வழியாக உள்ளே வரலாம். பிறகு கடைசிப் பகுதியை முதலில் படித்து, அதற்கு முந்தையதைச் சேர்த்து, இப்படியே முதல் பகுதிவரை வாருங்கள். வழக்கம்போல் முதலிலிருந்து படித்தால் தொடக்கம் ஐம்பது முறையும் முடிவு பத்து முறையும் சொல்லியிருப்பீர்கள். பின்னாலிருந்து வந்தால் பேச்சு போகப்போக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட, ஐந்து நாட்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நன்றாகத் தங்கும்.

தயாராகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை. வீட்டில் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஏதாவது ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடர முடிகிறதா? நடுவில் அவர் கைதட்டட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அதற்குப் பிறகும் தொடர முடிந்தால் மேடைக்குப் போகலாம். மேடையில் மறந்தால் வாயை மூடி ஒரு மூச்சு, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மெதுவாக மறுபடி ஒருமுறை, அப்போதும் வராவிட்டால் அடுத்த நுழைவாயில். விட்டுப்போன பகுதி அவையோருக்குத் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயதுத் தமிழை எழுதிக் கொடுக்காதீர்கள். பொருள் தெரியாத சொல் மறந்துபோனால் அதை வேறு சொல்லால் ஈடுகட்டப் பிள்ளைக்கு வழியே இல்லை. பிள்ளையை முதலில் பேசவைத்து, அதன் வாக்கியங்களையே திருத்திக் கொடுங்கள்.

## குறிப்புச் சீட்டு

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வெட்கம் ஒட்டியிருக்கிறது. "துண்டுச்சீட்டைப் பார்த்துப் பேசுகிறார்" என்பது அரசியல் மேடையில் வசை. அதனால் பேச்சு பழகுபவர்கள் சீட்டை உள்ளங்கையில் மறைத்து, திருட்டுத்தனமாகப் பார்த்து, இருமடங்கு பதறுகிறார்கள். சீட்டு இருப்பது யாரையும் உறுத்துவதில்லை, முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் உறுத்தும். வெளிப்படையாகக் கையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது நின்று பார்த்து, நிமிர்ந்து பேசுங்கள்.

இந்த முறையில் கருத்தின் வரிசை முடிவாகியிருக்கும், சொற்கள் அந்த நேரத்தில் பிறக்கும். ஆகவே தயாரிப்பு தாளில் தொடங்கக் கூடாது. பேச்சு முடிந்ததும் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் அல்லது என்ன நினைக்க வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதற்கு மூன்று கருத்துகள், அதிகம் வேண்டாம். உடனே எழுந்து நின்று, செல்பேசியில் பதிவு செய்தபடி, எதையும் பார்க்காமல் பேசிவிடுங்கள். மோசமாகத்தான் வரும், பரவாயில்லை. பதிவைக் கேட்டு, நன்றாக வந்த தொடர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டில் எழுத வேண்டியது அவைதான். முதலில் எழுதி, எழுதியதைச் சுருக்கிக் குறிப்பாக்கினால் மேடையில் மனம் அந்தப் பழைய வாக்கியத்தையே தேடும். பாதி மனப்பாடமாகி, இரண்டின் பலனும் கிடைக்காமல் போகும்.

சீட்டுக்கு 5×3 அங்குலத் தடித்த அட்டை போதும். உள்ளங்கையில் அடங்கும், நடுக்கம் தெரியாது. ஆறு நிமிடத்துக்கு ஐந்து அட்டை: தொடக்கம், மூன்று கருத்துகள், முடிவு. ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, எண்ணிட்டு, மூலையில் துளையிட்டு நூல் கோத்துவிடுங்கள். கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. ஒரு அட்டையில் ஐந்தாறு வரி, வரிக்கு மூன்று நான்கு சொல். முழுதாக எழுத வேண்டியவை நான்கு மட்டும்: முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், எண்களும் பெயர்களும், மேற்கோள். குறள் நன்றாகத் தெரியும் என்று எழுதாமல் விட்டவர்கள்தான் இரண்டாம் அடியில் நிற்பார்கள்.

வலது மூலையில் நேரம் குறியுங்கள். ஐந்தரை நிமிடத் திட்டத்தில் தொடக்கத்துக்கு 30 விநாடி, ஒவ்வொரு கருத்துக்கும் 1 நிமிடம் 25 விநாடி, முடிவுக்கு 45 விநாடி என்று வைத்தால் இரண்டாம் அட்டை 0:30, மூன்றாவது 1:55, நான்காவது 3:20, ஐந்தாவது 4:45. கடிகாரத்தைப் பார்த்ததும் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

இதிலும் தவறுகள் நடக்கின்றன. அட்டையில் எண்பது சொல்லை நுணுக்கி எழுதிவிடுகிறார்கள். அப்போது அது சின்ன எழுத்தில் இருக்கும் கட்டுரைதான், மங்கிய வெளிச்சத்தில் அதைப் படிக்கவும் முடியாது. இன்னொன்று, ஒற்றைச் சொல் குறிப்பு. திங்கட்கிழமை எழுதிய "வெள்ளம்" என்ற சொல் சனிக்கிழமை எந்தக் கதையையும் நினைவூட்டாது. "டிசம்பர் 2015, செம்பரம்பாக்கம், மொட்டை மாடி" என்று எழுதினால் படம் வந்துவிடும். மூன்றாவது, அதிகமாகத் தெரிந்த விஷயத்தில் கிளைக்கதைக்குள் போய் நேரத்தைத் தொலைப்பது. ஒத்திகையில் ஒரு கருத்து இரண்டு முறை நேரம் தாண்டினால் அதிலிருந்து ஏதாவது ஒன்றைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

சொற்கள் அப்போதே பிறப்பதால் "வந்து", "அதாவது", "என்ன சொல்ல வர்றேன்னா" ஆகியவை இடையில் நுழையும். 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இவற்றை எண்ணிச் சொல்லவே ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். 5 முதல் 7 நிமிடப் பேச்சுக்கு ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்கும் காட்டுவார்கள். உங்கள் வகுப்பில் இந்த ஏற்பாடு இல்லையென்றால் நண்பர் ஒருவரைக் கேட்டு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இப்படி இடையில் நுழையும் சொல்லை விரட்ட முயல வேண்டாம், அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகினால் போதும்.

ஒத்திகையை நின்றுகொண்டு, முழுக்குரலில், ஐந்தாறு முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் வாக்கியம் மாறட்டும். மாறினால்தான் ஒரே கருத்துக்கு நாலு வழி கைவசம் வரும், மேடையில் ஒன்று அடைபட்டால் இன்னொன்று திறக்கும். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மனதுக்குள் யாரும் மூச்சு வாங்குவதில்லை.

## அந்த இடத்திலேயே பேசுதல்

"நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டும் ஊரில் இந்தத் திறன் கட்டாயம். கேள்வி நேரத்துக்கும், பட்டிமன்றத்தில் எதிரணிக்குப் பதில் சொல்லவும் வேறு வழி கிடையாது.

ஆனால் தயாரிக்க நேரம் இருந்தும் இதைத் தேர்ந்தெடுப்பது வேறு விஷயம். சரளம் உள்ளவர்களுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம். பேச்சு ஓடும், போய்ச் சேரும் இடம் தெரியாது. முடிக்கப்போவதாக மூன்று முறை சொல்வார்கள். சரிபார்க்காத எண் வாயில் வந்துவிடும், மேடையில் இருக்கும் ஒருவரின் பெயர் விட்டுப்போகும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கையிலிருந்த உரையை விட்டு விலகிப் பேசிய "எனக்கொரு கனவு உண்டு" என்ற பகுதிதான் உலகத்துக்கு நினைவிருக்கிறது. அதைக் காட்டித் தயாரிப்பு வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதே கனவுக் கருத்தை அவர் அந்த ஜூன் மாதமே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். பல மேடைகளில் வாயில் பழகிய பொருளைத்தான் அன்று எடுத்தார்.

திடீரென்று அழைத்தால், நடந்துபோகும் பத்து விநாடியில் கடைசி வாக்கியத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, மறுபடி கருத்து என்று நாலு படி. நினைவு விழாவானால் அன்று, இன்று, நாளை என்ற வரிசை கைகொடுக்கும். கேள்விக்குப் பதில் என்றால் கேள்வியை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். வகுப்பில் தினமும் ஒரு தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேசுவதுதான் இதற்குப் பயிற்சி.

## எந்த மேடைக்கு எது

வகுப்பில் கொடுக்கும் பேச்சு, அலுவலக விளக்கம், ஊர்ச்சங்கக் கூட்டம், புத்தக அறிமுகம்: குறிப்பு. போட்டி: நுழைவாயிலோடு மனப்பாடம். இரங்கல், அறிக்கை, நன்றியுரை: எழுதிய தாள். பட்டிமன்றத்தில் உங்கள் வாதத்துக்குக் குறிப்பு, எதிரணி பேசும்போது தனித்தாளில் அவர்கள் சொன்னதை மூன்று சொல்லாக எழுதி, அதற்குப் பதில் அப்போதே.

வகுப்பில் முதல் பேச்சு மட்டும் எப்படியாவது தப்பித்தால் போதும் என்று இருப்பவர்கள் எழுதிப் படிக்கட்டும், அதில் தவறில்லை. இரண்டாவது பேச்சில் அதே தாளை அட்டையாக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பயிற்சி முடியும்போது நன்றாகப் படிக்கத் தெரிந்தவராக மட்டும் வெளியே வருவீர்கள்.

கலவையாகச் செய்வது எப்படி? முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மனப்பாடம். நெஞ்சு அதிகம் படபடப்பது முதல் அரை நிமிடத்தில், அப்போது சொல் தேட வேண்டியிருக்கக் கூடாது. எண், மேற்கோள், பெயர் ஆகியவை பார்த்துப் படிப்பவை. நடுப்பகுதி குறிப்பு. கேள்வி நேரம் உடனடிப் பேச்சு. நம் மேடைகளில் அவைத்தலைவரில் தொடங்கி எல்லோரையும் விளிக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்தப் பட்டியலை எவ்வளவு அனுபவசாலியும் தாளில் எழுதித்தான் படிக்க வேண்டும். விழா தொடங்குமுன் அமைப்பாளரிடம் தலைப்பெழுத்தையும் பதவியையும் சரிபாருங்கள். பன்னிரண்டு பேரைப் பட்டத்தோடு விளித்தால் ஒரு நிமிடம் தாண்டிவிடும். ஆறு நிமிடத்தில் அது ஆறில் ஒன்று. போட்டியில் "அவையோருக்கு வணக்கம்" போதும்.

## நேரத்தைக் குறைத்துவிட்டால்

விழா தாமதமாகும், முன்னால் பேசியவர் அரை மணி எடுத்துக்கொள்வார், உங்களிடம் வந்து "மூணு நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்பார்கள். தயாரிக்கும்போதே இதற்கும் சேர்த்துத் தயாரிக்க வேண்டும்.

எழுதிய தாளில், விட்டுவிடக்கூடிய பத்திகளின் ஓரத்தில் முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். மேடையில் நின்று தேர்ந்தெடுத்தால் தவறான பத்தி போகும். மனப்பாடப் பேச்சை நுழைவாயில் முறையில் படித்திருந்தால் ஒரு பகுதியைத் தாண்டலாம். அப்படிப் படிக்கவில்லையென்றால் வேகமாகப் பேசிப் பார்க்காதீர்கள், மறதி அங்கேதான் காத்திருக்கும். முதல் பாதியை நிதானமாகச் சொல்லிக் கடைசி வாக்கியத்துக்குப் போய்விடுங்கள்.

அட்டை வைத்திருப்பவர் மூன்று கருத்துகளில் வலுவானதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்க வேண்டும். தொடக்க அட்டை, நட்சத்திர அட்டை, முடிவு அட்டை என்று எடுத்தால் 30 விநாடி, 1 நிமிடம் 25 விநாடி, 45 விநாடி, மொத்தம் 2 நிமிடம் 40 விநாடி. தொடக்கத்தில் "மூன்று காரணங்கள் சொல்லப்போகிறேன்" என்று இருந்தால் அதை மட்டும் "முக்கியமான ஒரு காரணம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மாற்று வாக்கியத்தையும் வீட்டிலேயே முதல் அட்டையின் அடியில் எழுதி வையுங்கள்.